டைம்டேபிள் போட்டால் மூன்று நாளுக்கு மேல் நிற்பதில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி, 2 ஜூன் 2024

மதுரையில் ஒரு மருந்து ஏஜென்சியில் வேலை. காலை 9-க்குப் போனால் வீடு திரும்ப இரவு 8 ஆகிவிடும். அடுத்த ஞாயிறு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு. பாதிப் பாடம்கூட முடிக்கவில்லை. இதுவரை ஆறு டைம்டேபிள் போட்டுவிட்டேன், எதுவும் மூன்று நாளைத் தாண்டவில்லை. குரூப் 2-வுக்காவது ஒழுங்காகப் படிக்க வேண்டும். எனக்கு மன உறுதி இல்லை என்கிறார்கள் வீட்டில். அதுதான் காரணமா?

3 ஜூன் 2024, இரவு 10.40

மன உறுதியை ஓரமாக வையுங்கள். ஆறு முறை உட்கார்ந்து டைம்டேபிள் போட்டவருக்கு உறுதி இல்லை என்று நான் நம்பமாட்டேன்.

நான் விருதுநகரில் வீட்டு முன்னறையில் இருந்தபடி கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். பருப்பு மண்டி, எண்ணெய்க் கடை, ஹார்டுவேர், ஒரு முறுக்கு கம்பெனி என்று மொத்தம் 34 கணக்குகள். நானும் கலர் பேனாவில் டைம்டேபிள் போட்டவள்தான். 5 மணிக்கு எழுவது, 5.30 முதல் 7 வரை டேலி மென்பொருளில் கணக்கு ஏற்றுவது, அப்புறம் சமையல். அந்தத் தாளில் சிலிண்டர் தீர்ந்துபோகாது, குழந்தைக்குக் காய்ச்சல் வராது, "அம்மா, ஒரு பில் விட்டுப்போச்சு" என்று யாரும் கூப்பிடமாட்டார்கள். நிஜமான செவ்வாய்க்கிழமையில் இவை எல்லாம் வரும். மூன்றாம் நாள் அது உடைவதில் என்ன ஆச்சரியம்?

2021-இல் ஒரு வாரம் வேறு மாதிரி செய்து பார்த்தேன். என்ன செய்யப்போகிறேன் என்பதை விட்டுவிட்டு, என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதினேன். நிறையத் தெரிந்தது. பிறகு ஏனோ விட்டுவிட்டேன். இன்று காலை உங்கள் கேள்வியைப் படித்ததும் மறுபடி தொடங்கியிருக்கிறேன். நீங்களும் பரீட்சை முடியும்வரை புது டைம்டேபிள் போடாதீர்கள். காலையில் கிழித்த காலண்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் காலண்டரில் பின்பக்கம் வெறுமையாக இருக்கும், உங்களுடையதிலும் இருந்தால் அதுவே போதும். வேலை மாறும்போதெல்லாம் மணியும் இரண்டு சொல்லும். "7.10 பேப்பர்." "7.35 குளியல்." நல்லது கெட்டது என்று மார்க் போட வேண்டாம். ஏழு நாள்.

5 ஜூன், மதியம்

போன் ஆப்பில் எழுதலாமா என்று கேட்டிருந்தார் ஒருவர். தாராளமாக எழுதலாம். எனக்குச் சரிவரவில்லை. மணி குறிக்க போனை எடுத்தால் வாட்ஸ்அப்பில் நான்கு பில் படம் வந்து நிற்கும், அதில் ஒன்று மங்கலாக இருக்கும், "தெளிவா அனுப்புங்க அண்ணாச்சி" என்று பதில் எழுதுவேன், அங்கிருந்து வெளியே வர இருபது நிமிடம். தாளில் பில் வராது.

10 ஜூன், காலை 6.15

ஏழு தாளையும் நேற்றிரவு தரையில் பரப்பிப் பார்த்தேன்.

போனில் வீடியோ பார்த்துத்தான் நேரம் போகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வாரம் முழுக்கச் சேர்த்தும் அது மூன்று மணி நேரம்தான். வியாழக்கிழமைத் தாள்தான் என்னை உட்காரவைத்தது. காலை 10 முதல் 1 வரை 17 அழைப்புகள். மூன்று மணி நேரம் நாற்காலியில் இருந்திருக்கிறேன், கணக்கு எழுதியது 70 நிமிடம். ஒவ்வொருவரும் "ஒரு நிமிஷம்தாம்மா" என்றுதான் தொடங்கினார்கள், பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் வைத்தும்விட்டார்கள். வைத்தபிறகு எந்தப் பில்லில் இருந்தேன், எந்த வரியைச் சேர்த்தேன் என்று தேடுவதில்தான் மீதி போயிருக்கிறது.

அந்த 17-இல் 11 பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள்: "பில் வந்துச்சா, எப்ப முடியும்?" முதலில் எரிச்சல் வந்தது. தாளைப் பார்க்கப் பார்க்க அது போய்விட்டது. ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஒரு நாள் தாமதமானால் கட்டணம் 50 ரூபாய், வியாபாரமே இல்லாத மாதமென்றால் 20. அந்தப் பணம் அவர்களுடையது, பயமும் அவர்களுடையது. நான் சொல்லாததால் கேட்கிறார்கள். இன்றிலிருந்து பில் கட்டு கையில் வந்ததும் ஒரே வரி அனுப்பப்போகிறேன்: "வந்தது. 10-ஆம் தேதி மாலைக்குள் முடியும்."

நேற்று பரீட்சை எப்படிப் போனது என்று கேட்கப்போவதில்லை. சொல்லத் தோன்றும்போது சொல்லுங்கள். தாளை மட்டும் காட்டுங்கள்.

16 ஜூன்

கடைகளின் கொள்முதலைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியலான 2பி வந்துவிட்டது. 20 வரை இந்தப் பக்கம் வரமாட்டேன்.

21 ஜூன், இரவு 9

முடிந்தது. நேற்று இரவு 8.50-க்குக் கடைசி 3பி, அதாவது வரி கட்டும் மாத ரிட்டர்ன், போட்டேன்.

இந்த முறை ஒன்று புரிந்தது, விரிவாகவே சொல்கிறேன். வாரத்துக்கு ஒரே டைம்டேபிள் என்பது என் வேலைக்கு எப்படிப் பொருந்தும்? திங்கள் என்றால் இது, செவ்வாய் என்றால் அது என்று நான் போட்டதெல்லாம் பள்ளிக்கூடப் பழக்கம். என் வேலைக்குக் கிழமையே கிடையாது, தேதிதான். விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதிக்குள். நம் கடைக்காரர் வாங்கிய சரக்குக்கு எதிராளி பில் ஏற்றினாரா என்று காட்டும் 2பி பதினான்காம் தேதி வரும். அதை ஒத்துப்பார்த்து 3பி போட்டு வரி கட்ட இருபதுவரை நேரம். இடையில் 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. ஆக 14 முதல் 20 வரை ஏழு நாள் அடைமழை. 21-க்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் தூறல்தான். அடைமழை நாளிலும் தூறல் நாளிலும் ஒரே மாதிரி வாழ்வேன் என்று எழுதிவைத்தால் அது எப்படி நிற்கும்?

குறளில் வினைசெயல்வகை அதிகாரத்தில் 672-ஆவது குறள்: "தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை." இங்கே தூங்குவது என்றால் தாமதிப்பது. காலம் தாழ்த்திச் செய்ய வேண்டியதைத் தாழ்த்தியே செய், தாழ்த்தக் கூடாததைத் தாழ்த்தாதே. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது சோம்பலைத் திட்டுகிற குறள் என்று நினைத்திருந்தேன். முதல் பாதி தாமதிக்கச் சொல்கிறது! 2பி வருவதற்கு முன்பே கொள்முதல் பில்லை ஒத்துப்பார்க்க உட்கார்ந்து, அப்புறம் எல்லாவற்றையும் இரண்டாம் முறை செய்த மாதங்கள் எத்தனையோ. சுறுசுறுப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டு செய்த வீண் வேலை அது. விற்பனைப் பில் மட்டும் அப்படிக் கிடையாது. அன்றன்றைக்கு ஏற்றாவிட்டால் பத்தாம் தேதி மூச்சுத் திணறும்.

உங்களுக்கும் இதே போல ஒரு மாதம் இருக்கும். மாதக் கடைசியில் ஸ்டாக் எடுப்பதால் இரவு 10 ஆகிறது என்று உங்கள் தாளில் பார்த்தேன். அந்த ஐந்தாறு நாளைக்குப் புதுப் பாடம் எதையும் எழுதாதீர்கள். படித்ததைத் திருப்பிப் பார்ப்பது மட்டும் போதும். நேற்று குரூப் 2 அறிவிப்பு வந்துவிட்டது, முதல்நிலை செப்டம்பர் 14. இடையில் மூன்று மாதக் கடைசி வரும், அதை முதலிலேயே கழித்துக் கணக்குப் போடுங்கள்.

23 ஜூன்

4.30-க்கு எழுந்தால் எல்லாம் சரியாகும் என்று எழுதியிருந்தவருக்கு: உங்களுக்குச் சரியானது, மகிழ்ச்சி. நான் இரண்டு வருடம் முயன்றேன். ராத்திரி 11.30-க்குப் படுத்து 4.30-க்கு எழுந்த நாட்களில்தான் ஒரு கடையின் வரியை இன்னொரு கடையின் தலைப்பில் போட்டேன். அதைத் திருத்த எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? தூக்கத்திலிருந்து எடுத்த நேரத்தை எங்கேயோ திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. இவர் இரவு 8-க்கு வீடு வருகிறவர். முதலில் எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று கேளுங்கள்.

7 ஜூலை, ஞாயிறு

நாழிகை பற்றிச் சொல்ல வேண்டும். மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது கண்ணில் பட்டது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஆக ஒரு நாழிகை 24 நிமிடம். உடனே தக்காளி கடிகாரம் நினைவுக்கு வந்தது. இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் 1980-களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை டைமரை 25 நிமிடத்துக்குத் திருகிவைத்துப் படித்தார். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. உலகம் முழுக்க இன்று பொமடோரோ என்று பேசுகிறார்கள். நம் நாழிகைக்கும் அதற்கும் ஒரு நிமிடம்தான் வித்தியாசம்.

இங்கேயும் நாழிகையைக் கணக்குப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். முல்லைப்பாட்டில், பாசறையில் இருக்கும் அரசனுக்கு நீர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பொழுது இவ்வளவு ஆயிற்று என்று சொல்கிறவர்கள் வருவார்கள். குறுநீர்க் கன்னல் என்று அந்தக் கடிகாரத்துக்குப் பெயர்.

போன வாரம் நானும் நாழிகை வைத்துப் பார்த்தேன். மகளின் பழைய அலாரம் கடிகாரத்தில் 24 நிமிடம், போனைப் பக்கத்து அறையில் வைத்தேன். பில் ஏற்றும் வேலைக்கு அருமையாக வந்தது. நான்கு நாழிகையில் ஒரு மண்டியின் முழு மாத விற்பனை முடிந்தது.

8 ஜூலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஒத்துப்பார்க்கும் வேலைக்கு 24 நிமிடம் ஆகாது. 300 பில்லில் எங்கேயோ 1,180 ரூபாய் இடிக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போது அலாரம் அடித்தால் நூல் அறுந்துவிடுகிறது. இன்று அப்படி இரண்டு முறை ஆனது. அதற்கு முகூர்த்தக் கணக்குதான் சரி, இரண்டு நாழிகை, 48 நிமிடம். திறனறிவுக் கணக்குப் போட ஒரு நாழிகை, வரலாறு படிக்க இரண்டு என்று நீங்களும் மாற்றிப் பாருங்கள்.

22 ஜூலை

இந்த மாதம் தாளில் ஒரு பத்தி கூட்டினேன். வேலை தொடங்குமுன் "எவ்வளவு ஆகும்" என்று எழுதுவது, முடிந்ததும் "எவ்வளவு ஆச்சு" என்று எழுதுவது.

ஹார்டுவேர் கடை: நினைத்தது 40 நிமிடம், ஆனது 1 மணி 25. முறுக்கு கம்பெனி: நினைத்தது 30, ஆனது 50. எண்ணெய்க் கடை மட்டும் நினைத்தபடி முடிந்தது, அந்த அண்ணாச்சி பில்லைத் தேதி வரிசையில் அடுக்கித் தருகிறவர். ஐந்து வருடமாக மாதாமாதம் செய்கிற வேலை. இன்னும் 40 நிமிடம் என்று எப்படி நம்புகிறேன்?

இதை ஆராய்ந்திருக்கிறார்கள். டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதற்குத் திட்டப் பிழை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். 1994-இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில் மாணவர்களிடம் ஆய்வேடு முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குச் சொன்ன கணக்கையும் அது தாண்டிவிட்டது.

இனி என் மனசு சொல்வதை எழுதமாட்டேன். போன மாதத் தாள் என்ன சொல்கிறதோ அதுதான் இந்த மாதக் கணக்கு. நீங்கள் "இரண்டு மணி நேரத்தில் இந்திய அரசியலமைப்பு" என்று எழுதியிருந்தீர்களே, போன அத்தியாயத்துக்கு எவ்வளவு ஆயிற்று என்று பழைய தாளைப் பாருங்கள்.

1 ஆகஸ்ட், காலை 11

நேற்று வருமான வரி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். இன்று முதல் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000.

ஜூன் மாதமே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்: ஜூலை 20-க்குப் பிறகு தாள் கொண்டுவந்தால் எடுக்கமாட்டேன். நேரத்தைக் காப்பது என்றால் கறாராக இருப்பது என்று அப்போது தெளிவாக இருந்தேன். இங்கேயும் ஒருவருக்கு அப்படித்தான் பதில் எழுதினேன். 25-ஆம் தேதி வந்த இரண்டு வியாபாரிகளைத் திருப்பி அனுப்பினேன், வருத்தமில்லை, அவர்களுக்கு வேறு ஆள் இருக்கிறது. 30-ஆம் தேதி மாலை ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வந்தார். மனைவி மதுரையில் ஆஸ்பத்திரியில், மூன்று வாரமாக அங்கேயே இருந்திருக்கிறார். துணிப்பையில் பென்ஷன் தாளும் வங்கி வட்டிச் சான்றிதழும். "முடியலன்னா பரவாயில்லம்மா" என்றார்.

அவரை எப்படி அனுப்புவது? 29, 30, 31 மூன்று நாளும் மாலையில் ஒரு மணி நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் சும்மா வைத்திருந்தேன். என் கணக்கு தப்பினால் பிடித்துக்கொள்ள என்று வைத்தது. அது அவருக்குப் போனது. அன்றே முடித்து ஆதார் ஓடிபியும் வாங்கி ஒப்புகையைக் கையில் கொடுத்தேன்.

ஆகவே முன்பு எழுதிய பதிலை மாற்றிக்கொள்கிறேன். முடியாது என்று சொல்லப் பழக வேண்டும், அது சரி. ஆனால் நாள் முழுவதையும் நிரப்பிவைத்தால் யார் வந்தாலும் முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் காலியாக இருந்ததால்தான் அவரை உட்காரச் சொல்ல முடிந்தது.

11 ஆகஸ்ட், ஞாயிறு

ஜிஎஸ்டிஆர்-1 நேற்றே முடிந்துவிட்டது. போன வியாழன் காலை 10 முதல் 1 வரை நான்கே அழைப்புகள். ஒரு வரிச் செய்தி வேலை செய்கிறது.

ஆனால் இன்று வேறு ஒன்றைச் சொல்ல வந்தேன். "வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு நேரத்துக்கு என்ன குறை" என்று மேலே ஒருவர் எழுதியிருந்தது மனதில் கிடந்தது. ஜூன் மாதத் தாள்களை மறுபடி எடுத்தேன். ஒரு தாளிலும் சமையல் இல்லை. 6 மணிக்கும் 8.30-க்கும் நடுவில் வெற்றிடம். பாத்திரம், துணி, மகளைக் கிளப்புவது, அத்தைக்கு மாத்திரை, எதையும் நான் எழுதவில்லை. அது நேரம் என்றே எனக்குத் தோன்றவில்லை!

இந்த வாரம் எழுதினேன். ஒரு நாளைக்குச் சராசரியாக 4 மணி 40 நிமிடம். என் கணவருடையதையும் அவரைக் கேட்டே எழுதினேன், 35 நிமிடம். 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிட்டார்கள். அதிலும் அந்த வேலையைச் செய்கிறோம் என்ற பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணவரிடம் காட்டினேன். சண்டை எதுவும் இல்லை. அவர் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து மகளைக் கிளப்பி டிபன் பாக்ஸ் கட்டுவது அவர் பொறுப்பு. காய் நறுக்கித் தருகிறேன் என்று அத்தை தானாகவே சொன்னார். எனக்கு 7 முதல் 8 வரை கிடைக்கும். இத்தனை வருடம் 5 மணி அலாரத்தில் தேடிய ஒரு மணி நேரம் இது.

உங்கள் வீட்டிலும் யாருடைய தாளையாவது கேட்டுப் பாருங்கள். இரவு 8-க்கு வந்ததும் சுடச்சுடச் சாப்பாடு இருக்கிறது என்றால் அதற்குப் பின்னால் இன்னொருவரின் மாலை இருக்கிறது.

18 ஆகஸ்ட்

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். தானாகவே கை போகும் அளவுக்குப் பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று அதை வைத்துக் கணித்ததில் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது, நடுவாக 66 நாள். எனக்குப் பிடித்த செய்தி வேறு: இடையில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் ஏற்படவில்லை.

நான் தாள் எழுதத் தொடங்கி இன்றோடு 77 நாள். ஒன்பது நாள் எழுதவில்லை, ஆடிப்பெருக்கு அன்று உட்பட. நாலாம் தேதி மறுபடி எழுதினேன், அவ்வளவுதான். நீங்கள் ஒரு நாள் விட்டதும் டைம்டேபிளையே கிழித்துப்போட்டு புதிதாகப் போடுவீர்களே, அந்த ஆறில் ஒன்றையாவது நாலாம் நாள் தொடர்ந்திருந்தால்?

8 செப்டம்பர், ஞாயிறு மாலை

தாள்களின் படத்தைப் பார்த்தேன். 90-க்கும் மேல்! ஜூலைக் கடைசியில் வெறும் "ஸ்டாக்" என்று மட்டும் இருக்கிறது, நன்று. பஸ்ஸில் படிப்பதாக எழுதிய 50 நிமிடத்தை நீங்களே அடித்துவிட்டு "பஸ், தூக்கம்" என்று மாற்றியிருக்கிறீர்கள். அந்தத் தாளை இரண்டு முறை பார்த்தேன்.

ஆறு நாளில் என்ன செய்வது என்று கேட்டீர்கள். பழைய தாள்படி உங்களுக்கு வார நாளில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம், வெள்ளிக்கிழமை லீவு. ஆகப் பதினாறு மணி நேரம் என்று நீங்கள் போட்ட கணக்கை ஒன்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். பொதுத்தமிழில் 100 கேள்வி, உங்களுக்கு நன்றாக வருவது அதுதான், அதைத் திருப்பிப் பாருங்கள். தொடாத பொருளாதாரப் பாடத்தை இப்போது திறக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து 200 கேள்வியும் ஒரு முறை போட்டுவிட்டு, இரவு 10-க்குப் படுத்துவிடுங்கள்.

14-ஆம் தேதி எனக்கும் 2பி வரும் நாள். நேற்று கொழுக்கட்டை, விருந்தாளிகள் என்று தாளில் நான்கு வரிதான். 11-ஆம் தேதிக்குள் இன்னும் ஒன்பது கடை பில் வர வேண்டும், எண்ணெய்க் கடை அண்ணாச்சியுடையது மட்டும் வழக்கம்போல் முதலில் வந்து அடுக்கி இருக்கிறது. நாளை 7 மணிக்கு அதிலிருந்து தொடங்குகிறேன். பரீட்சை முடிந்து அன்றைய தாளையும் அனுப்புங்கள்.